ஹார்ட் டிஸ்கில் ஒரு பாகப்பிரிவினை

"கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் டெக்னிக்கல், ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்று மலர்க் குழுவினர் நிபந்தனை போட்டுத்தான் இந்தக் கட்டுரையைக் கேட்டார்கள். நம் எம்.ஐ.டி.யின் பெரிய சரித்திரங்களை எழுத என்னைவிடத் தகுதியான மூத்தவர்கள் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது சின்ன விஷயம். ஒரே ஹார்ட் டிஸ்கை இரண்டாகப் பிரித்து, அதில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம்களைக் குடிவைத்த கதை. அமெரிக்காவில் தொடங்கிய இந்தக் கதை குரோம்பேட்டை, தரமணி வழியாக, தமிழ்நாட்டுப் பிளஸ் டூ மாணவர்களின் வீட்டுக்குள் போய் முடிந்தது. நடுவில் நம் வளாகத்துக்கும் ஒரு பங்கு உண்டு. இப்போது படிக்கும் மாணவர்களில் பலருக்கு அது தெரியவில்லை. எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

ஹார்ட் டிஸ்கை எதற்குப் பிரிக்கிறோம் என்று பத்துப் பேரைக் கேளுங்கள். ஒன்பது பேர், "சி டிரைவ்ல விண்டோஸ், டி டிரைவ்ல படிப்பு, ஈ டிரைவ்ல சினிமா" என்பார்கள். பார்ட்டிஷன் பிறந்தது அதற்காக இல்லை.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் பெர்சனல் கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்தியபோது, அதற்கு மூன்று ஆபரேட்டிங் சிஸ்டம்கள் என்று அறிவித்தது. பி.சி.டாஸ், சி.பி.எம்.-86, யு.சி.எஸ்.டி. பி-சிஸ்டம். எது வேண்டுமோ வாங்கிக்கொள்ளலாம். டாஸின் விலை 40 டாலர். சில மாதம் கழித்து வந்த சி.பி.எம்.-86-ன் விலை 240 டாலர். போட்டி எப்படி முடிந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் வாங்கியவர் கையில் தேர்வு இருந்தது. அந்த மிஷினில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. எந்த ஃப்ளாப்பியைச் செருகி ஸ்விட்சைப் போடுகிறோமோ அந்த சிஸ்டம் எழுந்து வரும்.

1983 மார்ச்சில் பி.சி. எக்ஸ்.டி. வந்தது. உள்ளே 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க். (இன்று செல்போனில் எடுக்கும் இரண்டு மூன்று போட்டோ அதை நிரப்பிவிடும்.) இப்போது ஒரு சிக்கல். ஃப்ளாப்பி மாதிரி இதைக் கழற்றி வேறொன்றை மாட்ட முடியாது. முதலில் வந்து உட்கார்ந்த சிஸ்டமே மொத்த டிஸ்கையும் வளைத்துப் போட்டுக்கொண்டால், மற்றவற்றுக்கு இடம்? அதற்குக் கண்ட வழிதான் பார்ட்டிஷன் டேபிள். டிஸ்கின் முதல் செக்டாரில் மொத்தம் 512 பைட். அதில் 446 பைட் ஒரு குட்டி புரோகிராமுக்கு. 64 பைட் பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு. கடைசி 2 பைட் முத்திரை. அந்த 64 பைட்டில், ஆளுக்கு 16 பைட்டாக நான்கு பாகஸ்தர்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் எங்கே ஆரம்பம், எவ்வளவு நீளம், உள்ளே யார் என்ற விவரம் உண்டு. நால்வரில் ஒருவர் மட்டும் 'ஆக்டிவ்'; அவரிடம்தான் வாசல் சாவி. எஃப்டிஸ்க் என்ற புரோகிராமால் சாவியை இன்னொருவர் கைக்கு மாற்றி, மறுபடி ஸ்டார்ட் செய்தால் அடுத்த சிஸ்டம் வரும்.

ஒரே மிஷினில் வேறு வேறு கம்பெனிகளின் சிஸ்டம்கள் சேர்ந்து வாழ வேண்டும் என்பது ஆரம்பத்திலேயே போட்டு வைத்த ஏற்பாடு. யாரோ குறும்புக்காரர்கள் பின்னால் கண்டுபிடித்த தந்திரம் அல்ல. என் நண்பர்கள் பலருக்கு இன்றும் இது ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

இந்த நோக்கம் சீக்கிரமே மறந்துபோனது. காரணம் ரொம்ப சாதாரணமானது. அன்றைய டாஸால் ஒரு பார்ட்டிஷனில் 32 மெகாபைட்டுக்கு மேல் கையாள முடியாது. 40 மெகாபைட் டிஸ்க் வந்ததும் மீதி 8 மெகாபைட் வீணானது. 1987-ல் வந்த டாஸ் 3.3, 'எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன்' என்று ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு பாகத்துக்குள்ளேயே பல அறைகள் கட்டிக்கொள்ள வழிசெய்தது. டி, ஈ, எஃப் எல்லாம் அப்படி வந்தவை. நான்கு குடும்பங்களுக்குப் போட்ட மனையில் ஒரே குடும்பம் வீடு கட்டி, ஹால், சமையலறை, ஸ்டோர் ரூம் என்று பிரித்துக்கொண்டது. வேறொரு குடும்பம் வந்து இருக்கலாம் என்ற நினைப்பே ஜனங்களுக்கு இல்லாமல் போய்விட்டது.

வேறொரு குடும்பம் 1991-ல் வந்தது. பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 386 கம்ப்யூட்டர் ஒன்றில் மினிக்ஸ் என்ற சிஸ்டத்தைப் போட்டுக்கொண்டு, அதன் பக்கத்திலேயே தன் சொந்த சிஸ்டத்தை எழுத ஆரம்பித்தார். அதாவது லினக்ஸ் பிறந்த மிஷினிலேயே இரண்டு குடித்தனம். ஒருநாள் மோடம் வழியாகப் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டருக்கு டயல் செய்யப் பார்த்தவர், மோடத்துக்குப் போக வேண்டிய கட்டளையைத் தவறுதலாக ஹார்ட் டிஸ்குக்கே அனுப்பிவிட்டார். மினிக்ஸ் பார்ட்டிஷன் காலி. மறுபடி மினிக்ஸைப் போடுவதா, இனிமேல் லினக்ஸே போதுமா என்று யோசித்து, போதும் என்று முடிவு செய்ததாக அவரே எழுதியிருக்கிறார். உலகம் பூராவும் ஓடும் ஒரு சிஸ்டம் தன் காலில் நிற்க ஆரம்பித்ததற்கு அந்தப் பார்ட்டிஷன் விபத்தும் ஒரு காரணம்.

நம் நாட்டில் லினக்ஸ் பரவலாகக் கையில் கிடைத்தது 1996 மார்ச்சில். பி.சி.க்வெஸ்ட் பத்திரிகை அந்த இதழோடு லினக்ஸ் சி.டி.யை இலவசமாகக் கொடுத்தது. பிறகு வருடா வருடம் கொடுத்தது. டயல்-அப் இன்டர்நெட்டில் ஒரு பாட்டு இறங்கவே அரை மணி ஆன காலத்தில், கடைக்குப் போய்ப் பத்திரிகை வாங்கினால் முழு ஆபரேட்டிங் சிஸ்டம் கிடைக்கும் என்பது சாதாரண விஷயமில்லை.

சி.டி. கிடைத்துவிட்டது. எங்கே போடுவது?

அன்று தாம்பரத்திலோ பல்லாவரத்திலோ ஒரு வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் அது ஒன்றுதான் இருக்கும். அப்பாவின் பல மாதச் சம்பளம் அது, பி.எஃப். லோன் போட்டு வாங்கியவர்களும் உண்டு. அதில் அப்பாவின் கணக்கு, அக்காவின் புராஜெக்ட் ரிப்போர்ட், கல்யாணப் பத்திரிகை டிசைன் எல்லாம் இருக்கும். பேக்-அப் எடுக்க சி.டி. ரைட்டர் கிடையாது, இருந்ததெல்லாம் 1.44 மெகாபைட் ஃப்ளாப்பி. லினக்ஸைக் கற்க ஆசைப்பட்ட பையன் இன்னொரு கம்ப்யூட்டருக்கு எங்கே போவான்? இருக்கிற டிஸ்கைத்தான் பிரிக்க வேண்டும். ஒரு எண்ணைத் தப்பாக அடித்தால் வீட்டில் விழும் அடி எப்படிப்பட்டது என்று அந்தத் தலைமுறையைக் கேட்டுப் பாருங்கள்.

அன்றைய முறையைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். மொத்த டிஸ்கையும் விண்டோஸ் 95 பிடித்து வைத்திருக்கும். முதலில் டீஃப்ராக். சிதறிக் கிடக்கும் ஃபைல்களையெல்லாம் டிஸ்கின் முன்பக்கத்துக்குத் தள்ளும் வேலை, மணிக்கணக்கில் ஓடும். நடுவில் கரண்ட் போகாமல் இருக்க வேண்டும் என்பது நம் புறநகர்களில் ஒரு தனி வேண்டுதல். அப்புறம் ஃபிப்ஸ் என்ற இலவச புரோகிராம். ஜெர்மனியைச் சேர்ந்த ஆர்னோ ஷேஃபர் எழுதியது. பின்பக்கம் காலியாக இருக்கும் இடத்தை, உள்ளே இருப்பதை அழிக்காமல் தனிப் பாகமாக வெட்டிக் கொடுக்கும். இடம் மாற்ற முடியாத மறைவான ஃபைல் ஒன்று நடுவில் உட்கார்ந்திருந்தால் அதைத் தாண்டி வெட்டாது. வெட்டுவதற்கு முன், பழைய பத்திரத்தின் நகலை ஒரு ஃப்ளாப்பியில் எழுதிக்கொள்ளச் சொல்லும். சொன்னதைக் கேட்டவர்கள் பிழைத்தார்கள்.

பிறகு லிலோ. மிஷின் எழுந்ததும் "எந்த சிஸ்டம் வேண்டும்?" என்று கேட்கிற வாசல்காரர். இவருக்கு ஒரு குறை. லினக்ஸ் கெர்னல் டிஸ்கில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை எண்ணாக மனப்பாடம் செய்துவைத்திருப்பார். கெர்னலை மாற்றிவிட்டு அவரிடம் சொல்லாவிட்டால் பழைய முகவரிக்கே போய்க் கதவைத் தட்டுவார். திரையில் 'எல்.ஐ.' என்ற இரண்டு எழுத்தோடு எல்லாம் நின்றுபோகும். இது போதாதென்று 1024 சிலிண்டர் எல்லை வேறு. அன்றைய பயாஸால் அதற்கு அப்பால் பார்க்க முடியாது. அதனால் கெர்னலுக்கென்று ஒரு சின்னப் பாகத்தை டிஸ்கின் முன்பக்கத்தில் ஒதுக்க வேண்டியிருந்தது. பின்னாளில் கிரப் வந்தது. அது ஃபைலைப் பெயர் சொல்லித் தேடத் தெரிந்த வாசல்காரர் என்பதால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

ஒன்று மட்டும் தீரவில்லை. விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்தால் அது முதல் செக்டாரில் தன் புரோகிராமை எழுதிவிடும். பக்கத்துப் பாகத்தில் லினக்ஸ் பத்திரமாக இருக்கும். அங்கே போகும் வாசல் மட்டும் அடைபட்டுவிடும். லினக்ஸுக்கு விண்டோஸின் ஃபைல்களைப் படிக்கத் தெரியும். விண்டோஸுக்கு லினக்ஸின் பாகம் வெறும் பெயரில்லாத மனை. அந்தக் கூட்டுக்குடித்தனத்தில் மரியாதை எப்போதும் ஒருவழிதான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க ரயில் பாதையைச் சொல்வது வழக்கம். பீச் – தாம்பரம் மீட்டர் கேஜ் லைனில் 1931 முதல் மின்சார ரயில் ஓடியது. பிராட் கேஜ் வந்த பிறகு 2004 வரைக்கும் இரண்டும் அடுத்தடுத்த தண்டவாளங்களில் ஓடின. அது 1000 மில்லிமீட்டர், இது 1676 மில்லிமீட்டர். ஒன்றன் வண்டி மற்றதன் தண்டவாளத்தில் ஏற முடியாது. நிலம் ஒன்று, ஸ்டேஷன் ஒன்று. பார்ட்டிஷனும் ஏறக்குறைய அப்படித்தான். வித்தியாசம், டிஸ்கில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடும். இன்னொன்று வேண்டுமென்றால் இதை நிறுத்திவிட்டுத்தான் ஏற வேண்டும்.

2000-க்குப் பிறகு நிலைமை இளகியது. சி.டி.யிலிருந்தே ஓடும் நாப்பிக்ஸ் வந்தது. 2005 முதல் 2011 வரை உபுண்டு சி.டி.யை இலவசமாகத் தபாலிலேயே அனுப்பினார்கள். வெளிநாட்டுக் கவர் வந்த அன்று ஹாஸ்டலில் கல்யாணக் களை. 2008-ல் வந்த உபுண்டு 8.04-ல், டிஸ்கைப் பிரிக்காமல் விண்டோஸுக்குள் ஒரு ஃபைலாகவே லினக்ஸைப் போட்டுக்கொள்ள வூபி என்ற வசதி இருந்தது. பார்ட்டிஷன் பயம் எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இன்னொரு பக்கம், சென்னை லினக்ஸ் பயனாளர் குழுவினர் ஐ.ஐ.டி. மெட்ராஸில் கூடி, வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இனி நம் வளாகம். எக்ஸோடஸ் நிறுவனத்தைத் தொடங்கிய கே.பி.சந்திரசேகர் அளித்த நிதியில், 1990களின் இறுதியில் ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையம் இங்கே உருவானது. 2005-ல் மத்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை, கட்டற்ற மென்பொருளுக்கு ஒரு தேசிய வள மையம் அமைத்தபோது, அதை இரண்டு இடங்களிடம் ஒப்படைத்தது. ஒன்று தரமணி டைடல் பார்க்கில் இருந்த சி-டாக். மற்றது குரோம்பேட்டையில் நம் ஏ.யு.-கே.பி.சி. இங்கே பொறுப்பில் இருந்தவர் பேராசிரியர் சி.என்.கிருஷ்ணன். சி-டாக், டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து, தமிழ் உட்பட இந்திய மொழிகள் பலவற்றில் வேலை செய்யும் 'பாஸ்' என்ற சிஸ்டத்தை உருவாக்கி 2007 ஜனவரியில் வெளியிட்டது. நம் பக்கத்து வேலை ஆட்களைத் தயார் செய்வது. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் கட்டற்ற மென்பொருள் ஒரு எலெக்டிவ் ஆனது. அதை நடத்த மற்ற இன்ஜினியரிங் கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். கம்ப்யூட்டரைத் தமிழில் சொல்ல முடியும் என்று காட்டிய நம் மூத்த மாணவர் எழுத்தாளர் சுஜாதா மறைந்தது 2008-ல். தமிழ் மெனுவோடு அரசாங்கமே ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் வெளியிட்டது அவர் இருக்கும்போதே நடந்தது என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

அதே சமயத்தில் எல்காட்டும் இந்தப் பக்கம் திரும்பியது. அப்போதைய நிர்வாக இயக்குநர் சி.உமாசங்கர், அலுவலகக் கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கு மாற்றினார். பிரிப்பதெல்லாம் இல்லை, முழு மாற்றம்.

பாகப்பிரிவினை பெரிய அளவில் நடந்தது 2011-ல். செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், முதல் ஆண்டு இலக்கு மட்டும் 9.12 லட்சம். பின்னர் வந்த ஆண்டுகளையும் சேர்த்தால் 50 லட்சத்துக்கும் மேல். முதல் கட்ட லேப்டாப்பில் 2 ஜி.பி. ரேம், 320 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். டிஸ்கில் இரண்டு சிஸ்டம்: விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், பாஸ் லினக்ஸ். கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள், அரசுப் பணத்தில் விண்டோஸ் எதற்கு என்று எதிர்த்தார்கள். ஆனால் 1983-ல் போட்ட அந்த நான்கு கட்டத்துப் பத்திரம், தன் அசல் நோக்கத்தோடு இத்தனை வீடுகளுக்கு ஒரே நேரத்தில் போனது நம் மாநிலத்தில்தான் என்றால் அது ரொம்ப மிகையாக இருக்காது என்று நினைக்கிறேன்.

அப்புறம் என்ன ஆச்சு? நான் பார்த்த வரையில், பாஸ் இருந்த பாகம்தான் முதலில் பலியானது.

வந்த பசங்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஸ்டார்ட்டர் எடிஷனில் வால்பேப்பரைக்கூட மாற்ற முடியாது. பதினேழு வயதுப் பையனிடம் முதல் முதலாக ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்து, அதில் அவனுக்குப் பிடித்த நடிகர் படத்தை வைக்க முடியாது என்றால் விடுவானா? தெருமுனைக் கடைக்குப் போய் 'ஃபுல் வெர்ஷன்' போடச் சொல்வான். கடைக்காரர் போடுவார். விண்டோஸ் வழக்கம்போல் முதல் செக்டாரில் எழுதும். பாஸுக்குப் போகும் வாசல் மூடிக்கொள்ளும். பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பார்த்தால், டிரைவ் எழுத்து இல்லாத, பெயர் இல்லாத ஒரு பாகம் இருக்கும். "இது என்ன சும்மா கிடக்குது?" என்று ஃபார்மட் செய்து டி டிரைவ் ஆக்கிக்கொள்வார்கள்.

கடைக்குப் போகாதவர்களும் பாஸ் பக்கம் அதிகம் போகவில்லை. அப்போது இன்டர்நெட் என்றால் யு.எஸ்.பி. டாங்கிள், அதோடு வரும் சாஃப்ட்வேர் பெரும்பாலும் விண்டோஸுக்குத்தான். பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடத்தில் ஸ்டார் ஆபீஸும் சி++-ம் இருந்தன. இரண்டையும் லினக்ஸில் செய்யலாம். ஆனால் நான் அறிந்த பள்ளி லேப்களில் ஓடியது விண்டோஸ். ஆசிரியருக்கே காட்டித் தராத ஒரு சிஸ்டத்தை மாணவன் எப்படித் தேடிப் போவான்? குரோம்பேட்டையில் இன்ஜினியரிங் ஆசிரியர்களுக்கு நடந்த பயிற்சி மாதிரி ஒன்று, லேப்டாப் கொடுத்த ஒவ்வொரு மாவட்டத்திலும் பள்ளி ஆசிரியர்களுக்கு நடந்திருக்க வேண்டும். டிஸ்கில் இடம் ஒதுக்கியவர்கள் கால அட்டவணையில் ஒரு பீரியட் ஒதுக்கவில்லை. என் கணிப்பில், தோற்றது பாஸ் அல்ல, அந்த அட்டவணைதான்.

ஆனால் எல்லாம் வீண் என்றும் சொல்ல முடியாது. இன்று சர்வர், நெட்வொர்க் வேலைகளில் இருக்கும் இளைஞர்களிடம் பேசும்போது, "சார், முதல்ல டெர்மினலைப் பார்த்தது அந்த கவர்மென்ட் லேப்டாப்லதான்" என்று சொன்னவர்கள் உண்டு. 2014 ஏப்ரல் 8-ல் விண்டோஸ் எக்ஸ்பி-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியபோது, அரசுத் துறைகள் பாஸுக்கு மாறலாம் என்று தமிழக அரசு கூறியதற்கும் இந்தப் பழக்கம் ஒரு பின்னணி.

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு இரண்டு வார்த்தை. அந்த 64 பைட் பத்திரம் 2 டெராபைட்டுக்கு மேல் கணக்குச் சொல்லத் தெரியாமல் ஓய்வு பெற்றுவிட்டது. இப்போதுள்ள ஜி.பி.டி. டேபிளில் வழக்கமாக 128 பாகம். டிஸ்கின் கடைசியில் ஒரு நகலும் இருக்கும். வாசலுக்கென்றே தனிப் பாகம் வந்துவிட்டதால் ஒருவர் வாசலை இன்னொருவர் அடைப்பதும் குறைந்திருக்கிறது. புதுத் தொல்லைகள் வேறு. விண்டோஸ் 8-ல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், ஷட் டவுன் செய்த பிறகும் பார்ட்டிஷனை அரைகுறையாகத் திறந்தே வைத்திருக்கும். அதில் லினக்ஸிலிருந்து எழுதினால் ஃபைல் கெடும். பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால், ரெக்கவரி கீயை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு அப்புறம் டிஸ்கைத் தொடுங்கள். பேக்-அப் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். தப்பித் தவறி டேபிள் போய்விட்டால், அந்த டிஸ்கில் வேறு எதையும் எழுதாமல் டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச புரோகிராமை ஓட்டிப் பாருங்கள். பத்திரம் தொலைந்தாலும் வீடு அங்கேயே நிற்கும். எல்லையைக் கண்டுபிடித்துப் பத்திரத்தைத் திரும்ப எழுதிவிடும்.

பிரிக்கவே வேண்டாம் என்பவர்களுக்கு விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓடும் வசதி 2016-ல் வந்துவிட்டது. அதே ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 7-லிருந்து பல போன்களில் சிஸ்டம் பாகம் ஏ, பி என்று இரண்டு. ஒன்று ஓடும்போது மற்றதில் அப்டேட் இறங்கும்; புதியது எழுந்திருக்காவிட்டால் பழையதற்கே திரும்பும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தேசிய வள மையம் நம் வளாகத்தில் நடந்த ஆண்டுகளில் அங்கே வேலை பார்த்தவர்கள், பயிற்சிக்கு வந்தவர்கள், அந்த எலெக்டிவை முதல் பேட்சில் எடுத்தவர்கள் நம் சங்கத்தில் கட்டாயம் இருப்பார்கள். பாஸ் முதல் வெளியீட்டின் சி.டி., பயிற்சிக் குறிப்புகள், போட்டோக்கள் எதுவானாலும் வீட்டுப் பரணில் கிடந்தால் சங்கத்திடம் கொடுங்கள். சி.டி.க்களின் மேல்பூச்சு உரிய ஆரம்பிக்கும் வயசு இது. பிளஸ் டூவில் வாங்கிய எல்காட் லேப்டாப்பை இன்னும் ஃபார்மட் செய்யாமல், இரண்டு சிஸ்டத்தோடும் அப்படியே வைத்திருப்பவர் யாராவது இருந்தால், அவரை நான் நேரில் வந்தே பார்க்கிறேன்.